இருக்கிற கடையைக் காப்பாற்ற மானியம் உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் 26 வருஷமாக மொத்தக் கடை வைத்திருக்கிறோம். பெட்டிக்கடை, டீக்கடை, தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு வேண்டிய சரக்கு எங்களிடம் இருக்கும். மளிகை, டீத்தூள், பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம், வேர்க்கடலை, சாஸ் பாட்டில் வரை. கணக்கு எழுதுவது நான். லோடு வண்டியை எடுத்துக்கொண்டு லைனுக்கு, அதாவது ஊர் ஊராகக் கடைகளுக்குச் சரக்கு போட, போவது அவர். செவ்வாயும் வெள்ளியும் பூம்பாறை, மன்னவனூர் லைன். மற்ற நாட்களில் ஏரிச்சாலை, தூண் பாறை, வில்பட்டி, பெருமாள்மலை.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் படித்தேன். நெருக்கடிக் காலத்தில் விவசாயிக்கு மானியம் கொடுப்பது நியாயம், வாங்கி விற்கிற வியாபாரிக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வியைப் பல வருஷமாகப் பலர் வாயால் கேட்டுவிட்டேன். இந்தத் தடவை பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடிதம் நீளம்தான். முடிந்தவரை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் பிறந்தது பூம்பாறையில், பூண்டு போடுகிற வீட்டில். விதைப் பூண்டு ஊன்றியதிலிருந்து அறுத்து, புகை போட்டு, வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றுகிற வரைக்கும் வீட்டில் காசு இருக்காது. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது ஊர்க் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டை நம்பித்தான். அந்த அண்ணாச்சிக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தது கொடைக்கானலில் ஒரு மொத்தக் கடை. அந்த மொத்தக் கடைக்குத் தவணை சொன்னவர்கள் வத்தலக்குண்டு, திண்டுக்கல் வியாபாரிகள். வங்கி எட்டிப் பார்க்காத வீட்டுக்குக் கடன் இப்படித்தான் மலையேறி வந்தது. பூண்டு விலை விழுந்த வருஷம் எங்கள் அப்பா பாக்கியைக் கட்ட முடியாமல் நின்றார். அண்ணாச்சி அடுத்த அறுவடை வரைக்கும் பொறுத்தார். அவர் பொறுக்க முடிந்ததால் நாங்கள் நிலத்தை விற்கவில்லை. விவசாயியையும் கடைக்காரரையும் இரண்டு கட்சியாக நிறுத்திப் பேசுபவர்கள் ஒரு கிராமத்துப் பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

மொத்தக் கடை என்றால் பெரிய முதலாளி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஒரு பெட்டி பிஸ்கட் விற்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் நிற்கும். அதில் குடோன் வாடகை, டீசல், இரண்டு பையன்கள் சம்பளம், எலி கடித்தது, மழையில் நனைந்தது எல்லாம் போக வேண்டும். எங்கள் முதல் முழுக்க இரண்டு இடத்தில் இருக்கும். பாதி குடோனில், பாதி நோட்டில். நோட்டில் இருப்பது மற்றவர்கள் கடையில் அடுக்கி வைத்திருக்கிற எங்கள் பணம்.

கொடைக்கானலில் கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷம் என்றால் ஏப்ரலும் மேயும்தான். அந்த இரண்டு மாதச் சம்பாத்தியத்தை வைத்து ஆடி மழையையும் மார்கழிப் பனியையும் கடந்து வருவோம். அதனால் மார்ச் நடுவிலேயே சீசன் சரக்கை இறக்கிவிடுவோம். 2020 மார்ச் 24-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் கொரோனா ஊரடங்கை அறிவித்துப் பேசி முடித்தபோது எங்கள் குடோனில் சரக்கு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே 43 கடைகளில் ரூ.6,82,000 பாக்கி நின்றது. அன்று ராத்திரி அந்தத் தொகையைக் கூட்டி எழுதி அடியில் கோடு போட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

மளிகைக் கடைக்குத்தான் அனுமதி இருந்ததே, உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். அரிசியும் பருப்பும் எண்ணெயும் விற்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தூண் பாறையில் நூடுல்ஸ் போடுகிறவருக்காக இறக்கிய 90 பெட்டி நூடுல்ஸை யாரிடம் விற்பது? ஏரியைச் சுற்றி ஒரு ஆள் நடமாட்டம் இல்லாத மே மாதத்தில் குளிர்பானத்தை யார் குடிப்பார்கள்? கடலை மூட்டைகளில் காறல் வாடை வந்துவிட்டது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தேதி முடியத் தொடங்கியது. சில கம்பெனிகள் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டன, சில எடுக்கவே இல்லை. அந்த வருஷம் நாங்கள் குப்பை வண்டியில் ஏற்றிவிட்ட சரக்கின் மதிப்பு ரூ.2,14,000.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. சரக்கு வாங்கும்போது நாங்கள் ஜி.எஸ்.டி. கட்டிவிடுவோம். விற்கும்போது வாங்குபவரிடம் வசூலிப்பதில் அதைக் கழித்துக்கொள்வோம். அப்போது பிஸ்கட்டுக்கு 18 சதவீதம். குளிர்பானத்துக்கு 28 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. ஆனால் சரக்கு கெட்டுப்போய்த் தூக்கி எறிந்தால் ஜி.எஸ்.டி. சட்டம் 17-ம் பிரிவின்படி அந்த வரிக்கழிவு கிடையாது. ஏற்கெனவே கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அரசு உத்தரவுப்படி கடைகள் மூடிக் கிடந்ததால் கெட்ட சரக்கு அது. குப்பைக்குப் போன பிறகு அதற்கு வரியும் கட்டினோம். ரிட்டர்ன் தாமதமானதற்கு அபராதம் இல்லை என்று அப்போது சலுகை கொடுத்தார்கள், அது உதவியாகத்தான் இருந்தது. அதே கையோடு, ஊரடங்கு மாதங்களில் கெட்ட சரக்குக்கு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாட்டில் எத்தனையோ மொத்தக் கடைகள் மூச்சு விட்டிருக்கும். யாரும் எழுதவில்லை.

அப்புறம் நிவாரணம் வந்தது. 2020 மே 12-ம் தேதி 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் என்று பிரதமர் அறிவித்தார். மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் வரை அடமானம் இல்லாத கடன், அரசே முழு உத்தரவாதம் என்றார். டி.வி.யில் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்தார். ஜூன் மாதம் நான்தான் வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் தன்மையானவர். உட்காரச் சொல்லி, “2020 பிப்ரவரி 29-ம் தேதி உங்கள் கணக்கில் கடன் பாக்கி எவ்வளவும்மா?” என்று கேட்டார். “ஒன்றும் இல்லை சார், டிசம்பரிலேயே ஓ.டி.யை அடைத்துவிட்டோம்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஓ.டி. என்பது கடைக் கணக்கில் வங்கி தருகிற மிகைப்பற்றுக் கடன். அவர் முகம் வாடிவிட்டது. அந்தத் தேதியில் இருந்த பாக்கியில் 20 சதவீதம்தான் இந்தத் திட்டத்தில் தர முடியும் என்று விளக்கினார். பாக்கியே இல்லை என்றால் தர வழியில்லை. எங்கள் தெருவிலேயே 20 லட்சம் பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு 4 லட்சம் கிடைத்தது. அது அவருக்குத் தேவைதான், அவர் கடை அதனால்தான் நின்றது. நான்கு வருஷத் தவணை, முதல் வருஷம் அசல் கட்ட வேண்டாம், வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் கடனை அடைத்துவிட்டுச் சொந்தக் காலில் நின்ற கடைக்கு அதில் இடம் இல்லை.

எனக்கு இருந்த வழி நகை. அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று இருந்த வரம்பை 90 சதவீதமாக உயர்த்தியது. 2021 மார்ச் வரை அது இருந்தது. நான் 11 பவுன் வைத்தேன். அந்தப் பணத்தில்தான் திண்டுக்கல் வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். நகைக் கடன் என் பெயரில் இருந்தது, கடை பெயரில் இல்லை. ஆகவே கடைக்காக வாங்கிய அந்தக் கடனும் எந்தத் திட்டத்திலும் கடைக் கடன் என்று கணக்கில் வரவில்லை. 2023-ல் மீட்டேன், பெரியவள் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால்.

என் கதை இவ்வளவுதான். என்னை விடச் சின்னவர்கள் கதைதான் எனக்கு ஆறவில்லை.

மன்னவனூர் ஏரிப் பக்கம் ஒரு அக்கா அவித்த சோளமும் டீயும் விற்றுக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன், 7 சதவீதம் வட்டி மானியம் என்று 2020 ஜூனில் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் வந்தது. கொடைக்கானல் நகராட்சிக்குள் எங்களிடம் சரக்கு எடுக்கிற ஆறு பேருக்குக் கிடைத்தது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000. நல்ல திட்டம், நானே நாலு பேருக்குப் படிவம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அது நகர்ப்புறத் திட்டம். மன்னவனூர் கிராம ஊராட்சி. “ஏன்மா, ரோட்டுல நின்னு விக்கிறவங்களுக்குன்னுதான சொன்னாங்க, நான் எங்க நிக்கிறேன்?” என்று அந்த அக்கா என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் வரைக்கும் போகிறவர்களும் சுற்றுலாப் பயணிகள்தான், கார்களும் அதே கார்கள்தான். ஊர் பெயருக்குப் பின்னால் நகராட்சி என்று இருக்கிறதா, ஊராட்சி என்று இருக்கிறதா என்பதில் பத்தாயிரம் ரூபாய் நின்றுபோனது. இப்போது அந்தத் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் தவணையை 15,000 ஆக்கியிருக்கிறார்கள், நகரத்தை ஒட்டிய பகுதிகளையும் சேர்க்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்கள் அதற்குள்ளும் வராது.

அந்த அக்கா தண்டல் வாங்கினார். பத்தாயிரத்துக்குக் கையில் 8,500, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். 2020 தீபாவளியை ஒட்டிக் கொஞ்சம் கூட்டம் வந்தபோது கட்டிக்கொண்டிருந்தார். 2021 ஏப்ரலில் மலையை மறுபடி மூடினார்கள். அதோடு அவர் கடை முடிந்தது. இப்போது திருப்பூரில் மகனோடு இருக்கிறார். அவர் எனக்கு ரூ.3,260 பாக்கி தர வேண்டியிருந்தது. போகும்போது ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, மீதியைச் சோள அடுப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் அடுப்பை வாங்கவில்லை.

43 கடைகளில் 11 கடை திரும்பத் திறக்கவே இல்லை. எனக்கு வராமல் போன பாக்கி ரூ.1,47,000. மற்ற 32 பேரும் இரண்டு, மூன்று வருஷம் எடுத்து, நூறும் இருநூறுமாகக் கட்டி முடித்தார்கள். இந்த மலையில் நெருக்கடி காலத்து நிவாரணத்தைக் கொடுத்தவர்களில் பெரும்பங்கு நோட்டு வைத்திருக்கிற கடைக்காரர்கள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு எந்த அரசுக் கணக்கிலும் ஒரு வரி கிடையாது.

நேரடிப் பணம் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாடு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. ரேஷன் கடையில் பணம் கொடுத்த அன்று சாயங்காலமே ஊர்க் கடைகளில் பழைய பாக்கி கட்டத் தொடங்கினார்கள். அந்த வார இறுதியில் என் கடைக்கு வந்தது. நான் திங்கட்கிழமை திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். நான்கு கை மாற ஒரு வாரம்கூட ஆகவில்லை. குடும்ப அட்டை என்ற ஒரு பட்டியல் தயாராக இருந்ததால்தான் அது அவ்வளவு வேகமாக நடந்தது. ஜூனில் அதோடு 14 மளிகைப் பொருட்களும் கொடுத்தார்கள். மக்களுக்கு அது பெரிய உதவி. அந்தப் பொருட்களை ஊரில் பதிவு செய்த கடைகளில் வாங்கிக்கொள்ளக் கூப்பனாகக் கொடுத்திருந்தால் வீட்டுக்கும் சாமான் வந்திருக்கும், கடையும் திறந்திருக்கும். இனி ஒரு தடவை அப்படிக் கொடுக்க நேர்ந்தால் இதை யோசிக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

2021 ஜூலை 2-ம் தேதி இன்னொரு அறிவிப்பு வந்தது. சில்லறை, மொத்த வியாபாரங்களையும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறோம், இரண்டரைக் கோடி வியாபாரிகளுக்கு நன்மை என்றார் அப்போது அந்தத் துறை அமைச்சராக இருந்த நிதின் கட்கரி. 2017-ல் எங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடி சேர்த்ததும், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற உத்யம் பதிவைப் போட்டேன். சான்றிதழும் வந்தது, ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டினோம். பிறகு, குளிர்சாதனப் பெட்டியும் புது ரேக்கும் வாங்க மானியம் உண்டா என்று விசாரிக்கப் போனேன். வியாபாரத்துக்கு முன்னுரிமைக் கடன் மட்டும்தான், மற்ற சலுகை எதுவும் பொருந்தாது என்றார்கள். விதியைப் படித்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரி. அப்படித்தான் எழுதியிருக்கிறது. சிறு தொழில் என்ற பெயர் கிடைத்தது, சிறு தொழிலுக்கான மானியம் கிடைக்கவில்லை.

அங்கே அலுவலகத்தில் இருந்த ஒரு தம்பி அக்கறையோடு வேறொன்று சொன்னார். வேலையில்லாத இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்தில் வியாபாரத்துக்கும் 5 லட்சம் வரை கடன் உண்டு, 25 சதவீதம் மானியம், உங்கள் பையன் பெயரில் புதுக் கடையாகப் போடுங்கள் என்றார். எனக்குப் பையன் இல்லை, அது வேறு விஷயம். மூடிப் போன அந்த 11 கடைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் இருபதாயிரம் ரூபாய் சரக்கு இருந்தால் நின்றிருக்கும். அதற்கு வழி இல்லை. ஆனால் அந்தக் கடை மூடிய பிறகு அதே இடத்தில் வேறொருவர் புதிதாகத் திறந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் மானியம் உண்டு. புதுக் கடை வருவது நல்லதுதான். இருக்கிற கடையைக் காப்பாற்றுவது அதை விடச் செலவு குறைந்த வேலை என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் ஏன் பார்க்கவில்லை?

இது நடக்காத காரியம் இல்லை. என் நாத்தனார் மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டே ஒரு தமிழர் மளிகைக் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடைக்காரருக்கு 2020-ல் 10,000 பவுண்டு வந்ததாம், அன்றைய மதிப்பில் ஒன்பது லட்ச ரூபாய்க்கு மேல். திருப்பித் தர வேண்டியதில்லை. உனக்குக் கடன் இருக்கிறதா, எந்த வங்கி என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஒவ்வொரு கடைக் கட்டடத்துக்கும் உள்ளாட்சிப் பதிவேட்டில் வரிக்காக ஒரு வாடகை மதிப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். அது 15,000 பவுண்டுக்குள் இருந்தால் 10,000. அதற்கு மேல் 51,000-க்குள் இருக்கும் சில்லறைக் கடை, ஓட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கு 25,000. அந்த வருஷம் சில்லறைக் கடைகளுக்குக் கட்டட வரியும் கிடையாது. ஆனால் பெரிய குடோன் வைத்து ஓட்டல்களுக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரிகளுக்கு அந்த வரிச் சலுகை கிடைக்கவில்லை. ஓட்டல் மூடினால் சரக்கு போடுகிறவரும் மூடித்தானே ஆக வேண்டும் என்று அங்கேயும் முறையிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கடனாகக் கொடுத்து, அதில் 60 சதவீதத்தை ஆட்கள் சம்பளத்துக்குச் செலவழித்தால் முழுவதையும் தள்ளுபடி செய்தார்கள். அதில் போலிக் கணக்கு காட்டி வாங்கிச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. கொடுக்கிற இடத்தில் திருட்டும் வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் பட்டியலை முன்கூட்டியே சரியாக வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் பெட்டிக்கடைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, அதனால் அந்தப் பேரேட்டில் இவர்கள் இல்லை. சரி. ஆனால் வேறு காகிதங்கள் இருக்கின்றன. எடைபோட்டு விற்கிற கடைக்குத் தராசுக்கு முத்திரை போட்ட சான்று இருக்கும். தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கும். கடைக்கென்று தனி மின் இணைப்பு இருந்தால் வணிகக் கட்டணத்தில் பில் வரும். கடை எந்த மாதம் மூடியிருந்தது, எந்த மாதம் பாதி ஓடியது என்று மின் பில்லே சொல்லிவிடும். தொழில் வரி ரசீது இருக்கும். இது எதுவுமே இல்லாத தள்ளுவண்டிக்காரருக்கும் எங்களைப் போன்ற மொத்தக் கடை நோட்டில் பெயர் இருக்கும்.

தமிழ்நாடு வணிகர் நல வாரியம் 1989-லிருந்து இருக்கிறது. 2021-ல் 40 லட்சத்துக்குள் விற்பனை உள்ளவர்களைக் கட்டணம் இல்லாமல் சேர்த்தார்கள். அந்த மூன்று மாதத்தில் எங்கள் லைனில் 17 பேரைச் சேர்த்துவிட்டேன். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, கடை தீப்பிடித்தால் உதவி என்று வாரியம் செய்கிறது. கடையே சத்தமில்லாமல் மூச்சடைத்துச் சாகிறபோது செய்ய அதனிடம் ஒன்றும் இல்லை. இந்த மேலே சொன்ன காகிதங்களை வாரியத்தின் பட்டியலோடு சேர்த்து, ஊராட்சிகளையும் விடாமல், கடைகளின் பதிவேடு ஒன்றை அமைதியான காலத்திலேயே தயாரிக்கலாம். அடுத்த தடவை வெள்ளமோ நோயோ நிலச்சரிவோ வந்து ஊர் அடைபட்டால், குடும்ப அட்டைக்குக் கொடுத்தது போல ஒரே வாரத்தில் கொடுத்துவிட முடியும்.

எவ்வளவு என்று கேட்டால், சரக்கு போடுகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரியும். ஒரு பெட்டிக்கடையை ஒரு தடவை நிரப்ப 15,000-லிருந்து 25,000 ரூபாய் போதும். அதைத் திருப்பித் தர வேண்டாத தொகையாகக் கொடுங்கள். அதில் பாதிக்குச் சரக்கு வாங்கிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வாங்குகிற பில் எங்கள் கடையில்தானே போடப்படும்? கீழே போட்ட பணம் தானாக மேலே வரும். எங்களைப் போன்ற மொத்தக் கடைகளுக்கு நான் ரொக்க மானியம் கேட்கவில்லை. அரசு உத்தரவால் மூடியிருந்த காலத்தில் கெட்ட சரக்குக்கு வரியைத் திருப்பிக் கேட்காதீர்கள். நெருக்கடிக் கடனைப் பழைய கடன் பாக்கியை வைத்துக் கணக்கிடாமல், நாங்கள் மாதாமாதம் போடுகிற ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இருக்கும் விற்பனையை வைத்துக் கணக்கிடுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வட்டியில் ஒரு பகுதியை முதல் வருஷம் ஏற்றுக்கொண்டால் போதும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கதையை இப்போது ஏன் எழுதுகிறாய் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார நாட்களுக்கு 4,000, சனி ஞாயிறுக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. நான் இதை எதிர்க்கவில்லை. மே மாதத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே மூன்று மணி நேரம் ஆம்புலன்ஸ் நின்றதை என் கண்ணால் பார்த்தவள் நான். மலை தாங்குகிற அளவுக்குத்தான் ஆட்கள் வர வேண்டும். ஆனால் ஒரு உத்தரவால் வருமானம் குறையப் போகிறது என்று தெரிந்த பிறகு, அந்தக் குறைவு முதலில் யார் தலையில் விழுகிறது என்று பார்த்து வைப்பதும் அரசின் வேலை. பெரிய ஓட்டலுக்கு முன்பதிவு வந்துவிடுகிறது. வழியில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பவர்களை நம்பிப் பெருமாள்மலையில் கடை போட்டவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் பால் மிஞ்சுகிறது. என் நோட்டில் அவர் பாக்கி மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2020-ல் பார்த்த அதே ஏற்றம், அதைவிடக் கொஞ்சம் மெதுவாக.

எங்கள் லைனில் இப்போது 38 கடைகள். ஒவ்வொரு கடைக்கும் எந்த ஊராட்சி, எத்தனை வருஷமாக நடக்கிறது, என்னென்ன காகிதம் இருக்கிறது, மாதம் எவ்வளவு சரக்கு எடுக்கிறார்கள் என்று அவரவர் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 22 கடை முடிந்துவிட்டது. மே 5 வணிகர் தினத்துக்குள் மீதியையும் முடித்துவிடுவேன். அதை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொத்தக் கடைக்காரி ஒருத்தி,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.